கண்வலிப் பூவும் கம்பெனி வேனும்

சிவகாசியில் வீட்டு வாசலில் செடி வளர்க்கிறவனைப் பற்றி ஊருக்கு இரண்டு சந்தேகம் வரும். ஒன்று, ஆளுக்கு வசதி வந்துவிட்டது. இல்லையென்றால் புத்தி கெட்டுவிட்டது. என் வீட்டைப் பார்த்த யாருக்கும் முதல் சந்தேகம் வந்ததில்லை.

அச்சாபீஸில் புரூப் பார்க்கிற வேலை எனக்கு. தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே ஒவ்வொரு ராசிக்கும் எதிரே சுகம், லாபம், பகை, அலைச்சல் என்று ஒரு சொல் இருக்குமே, அதைச் சரிபார்க்கிறவன் நான்தான். ஜோசியர் எழுதித் தருவதில் ஒரே நாளில் எல்லா ராசிக்கும் லாபம் விழுந்துவிட்டால் இரண்டு மூன்று பேருக்கு அலைச்சலைப் போட்டுச் சமன் செய்வதும் என் பொறுப்பு. தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் காரணம் தெரியாமல் அலைந்திருக்கிறார்கள். அவர்களுடைய சாபம்தான் பின்னால் எனக்குச் செடியாக முளைத்தது என்று என் மனைவி சொல்வாள்.

புத்தகம் படிக்கிற கெட்ட பழக்கமும் இருந்தது. பழைய பாடல்களில் காந்தள் காந்தள் என்று ஒரு பூ வந்துகொண்டே இருக்கும். பெண்களின் விரலுக்கு உவமை சொல்வார்கள். அது எங்கோ குளிர்ந்த மலையில், மேகத்துக்குள்ளே பூக்கிற பூ என்று நாற்பது வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்த புதிதில் ஒரு நாள் அச்சங்குளம் பக்கம் பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கி டிரைவரை வேடிக்கை பார்த்தார்கள். நான் வேலியைப் பார்த்தேன். கருவேல முள்ளுக்குள் புகுந்து புறப்பட்டு ஒரு கொடி. அதில் தலைகீழாகத் தொங்கியபடி இதழ்களை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்த ஒரு பூ. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. எங்கள் ஊரில் எந்தப் பூவைப் பார்த்தாலும் மத்தாப்பு மாதிரி இருக்கு என்பார்கள். நான் சொல்லப்போவதில்லை.

"சார், அதப் பாக்காதீக. கண்ணு வலி வந்துரும்" என்றார் கண்டக்டர்.

அப்போதுதான் உறைத்தது. பாட்டில் வருகிற காந்தளும் ஊரில் கண்வலிப்பூ என்கிறதும் ஒன்றுதான். இது எனக்குத் தெரிந்த பூ. சின்ன வயதிலிருந்து எல்லா வேலியிலும் இருந்த பூ. பார்த்தால் கண் வலிக்கும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததால், ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பிக்கொண்டு கடந்து போன பூ. காந்தளைப் புத்தகத்தில் தேடித்தேடிப் படித்தவன் வேலியில் அதைப் பார்க்காமலே நாற்பது வருடம் என் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறேன். அப்படிக் காப்பாற்றிய கண்ணுக்குக் கண்ணாடி போட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

கொடி காய்ந்த பிறகு, தை மாதத்தில், அதே இடத்துக்குப் போய்த் தோண்டிக் கிழங்கை எடுத்து வந்தேன். கவட்டை மாதிரி இரண்டு கிளையாக இருக்கும் கிழங்கு. கொடிய விஷம். அதையும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாழ்க்கை வெறுத்தவர்கள் தேடிப் போகிற கிழங்கு என்றுதான் அதற்குப் பெயரே. நான் பையைத் திறந்து காட்டியதும் என் மனைவி கிழங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

"பூவுக்கு."

"ஊர்ல மல்லி இருக்கு, பிச்சி இருக்கு, கனகாம்பரம் இருக்கு. தலையில வைக்க முடியாத பூவு, சாமிக்குப் போட முடியாத பூவு, பாக்கவும் கூடாத பூவு. எம்புட்டுத் தேடிப் புடிச்சீக?"

முதல் வருடம் எங்கள் கரிசல் மண்ணிலேயே நட்டேன். வெயிலில் கல்லாக வெடிக்கிற மண், மழை பெய்தால் களியாகிவிடும். தண்ணீர் வடியாது. கிழங்கு அழுகிப்போனது. இரண்டாம் வருடம் வேறு கிழங்கு கொண்டுவந்தேன். செம்மண்ணும் ஆற்றுமணலும் கலந்து மேடு கட்டி, படுக்கை வசமாக நட்டேன். ஆனி போய் ஆடி வந்தும் முளைக்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று விரலால் கிளறிப் பார்த்தேன். இருந்தது. நான் கிளறுகிற வரைக்கும் இருந்தது. அந்தக் கிழங்குக்கு முளை வருகிற இடம் இரண்டு நுனியும்தான். அதில் ஒன்றை நகத்தால் ஒடித்தேன், இன்னொன்றை அதிர்ச்சியில் ஒடித்தேன். மூன்றாம் வருடம் நட்டுவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். சின்ன வயதுப் பயிற்சி அப்போதுதான் கைகொடுத்தது.

தண்ணீர்தான் பெரிய கேவலம். தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று கடவுளுக்கும் நகராட்சிக்கும் மட்டும் தெரிந்த காலம். குடம் குடமாக வரிசையில் வைத்துவிட்டு மனிதர்கள் வீட்டில் போய்த் தூங்குவார்கள். அந்தத் தெருவில் ஒருவன் வேலிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான் என்றால் அடிக்காமல் விட்டதே பெரிசு. அரிசி களைந்த தண்ணீரை மட்டும் எடுத்து, திருடுகிறவன் மாதிரி விடிவதற்குள் ஊற்றிவிட்டு வருவேன்.

அந்த வருடம் முளைத்தது. வளர்ந்தது. இலை நுனியெல்லாம் சுருண்டு கொக்கி மாதிரி ஆகி, அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு ஏறியது. கருவேலங்கிளை ஒன்றை நட்டு வைத்தேன். அதையும் தாண்டிக் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்து, பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. வெயில் அந்தப் பக்கம்தான் விழும். புரட்டாசி பாதியில் மொட்டு விட்டு, பத்துப் பதினைந்து பூ பூத்தது. என் பக்கம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். என் பங்குக்குக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் இருந்தவள் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். என்னை அண்ணாச்சி என்பாள். அவளும் என் மனைவியும் ஒருத்தியை ஒருத்தி மதினி என்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல், ஆளுக்கொரு கல்லில் ஏறி நின்று குழம்பும் பேச்சும் கைமாறும். எங்கள் வீட்டில் என்ன ரசம் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். வீட்டில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசினாலும் புத்தகத்தில் இருக்கிறதைப் பேசுவேன். ஆகவே என் மனைவிக்கு மனுசப் பேச்சு என்று ஒன்று கிடைத்தது அந்தக் கல்லின்மேல்தான்.

அவள் வீட்டுக்காரருக்கு லாரியில் லோடு ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு, பிறகு கனமானது எதையும் தூக்க முடியாமல் போனது. வீடு அவள் சம்பாத்தியத்தில் ஓடியது. முன்பு வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். பிறகு சாத்தூர் ரோட்டில் இருந்த ஒரு கம்பெனி வேனில் அவளுக்கு ஒரு சீட் கிடைத்தது. சீட் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கம்பெனிக்கு ஆள் கூட்டிப் போகிற வேனில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஏஜென்ட் முடிவு செய்வார். ஒருத்தி கல்யாணமாகிப் போக வேண்டும், இல்லாவிட்டால் உடம்புக்கு முடியாமல் நிற்க வேண்டும், அப்போதுதான் இன்னொருத்திக்கு இடம். நடையாய் நடந்து வாங்கிய இடம் அது. சீசனில், தீபாவளிக்கு முன்னால், யார் சீட்டை இழக்கிறாளோ அவளுக்குப் போனஸ் கிடையாது. பண்டிகை முடிந்து கம்பெனி திறக்கும்போது அவளைக் கூப்பிடவும் மாட்டார்கள். மறுபடி பசைக்கிண்ணம்தான்.

முதல் பூ விரிந்த அன்றைக்குச் சுவர் மேல் அவள் தலை தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, இதப் போயி வளக்கீக. பாத்தா கண்ணு வலிக்கும்பாகளே."

"பாத்தா ஒண்ணும் ஆகாதும்மா. தின்னாத்தான் ஆபத்து."

"அப்ப கண்ணு, இல்லாட்டா உசுரு. எப்பிடியும் ஒண்ணு உறுதி" என்றாள். என் மனைவி சிரித்த சிரிப்பில் கல்லிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்குக் கண் சிவந்தது.

மழைக்காலத்தில் ஊரெல்லாம் வருகிறதுதான். மெட்ராஸ் ஐ என்பார்கள். எங்கள் ஊருக்கு என்று வருகிற நல்லது எல்லாம் மதுரையோடு நின்றுவிடும், இது மட்டும் தவறாமல் வந்து சேரும். வேனில் பின்னால் உட்காருகிற ஒருத்திக்குத்தான் முதலில் வந்தது. பிறகு இவளுக்கு. பிறகு வேனில் பாதிப் பேருக்கு. பட்டாசுக்கு மருந்து அடைக்கிற கையால் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கம்பெனி வாசலில் போர்மேன் நின்றுகொண்டு ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்து, சிவந்த கண்ணையெல்லாம் திருப்பி அனுப்பினார். ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் ஒரு ரூமில் நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்திதான் மிச்சம்.

எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளே முன்பு சுவர் மேல் நின்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். வேலை முடிந்து வரும்போது முகமெல்லாம் அலுமினியப் பவுடர் அப்பியிருக்கும். பஸ் ஸ்டாண்டில் பேய் மாதிரி இறங்க வேண்டாமே என்று ஏஜென்ட் வேனின் பின்பக்கம் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஒரு பாட்டிலில் தண்ணீரும் உண்டு. துண்டை நனைத்து முதல் ஆள் துடைத்து, இரண்டாவது ஆளுக்குக் கொடுத்து, கடைசி ஆள் வரை போகும். கடைசி ஆளுக்குத் துண்டால் முகம் சுத்தமாகுமா, முகத்தால் துண்டு சுத்தமாகுமா என்று அவளே கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

ஆனால் தெரு வேறு கணக்குப் போட்டது. செடி பூத்தது எப்போது? போன வாரம். கண்ணுவலி வந்தது எப்போது? இந்த வாரம். பூ எந்தப் பக்கம் பார்த்துப் பூத்தது? அவள் வீட்டைப் பார்த்து. என் செடி தன் பாட்டுக்கு வெயிலைத் தேடிப் போனதே தவிர, அதற்கு இப்படி ஒரு வாதத் திறமை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

குழாயடியிலிருந்து என் மனைவி ஒரு நாள் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

"தண்ணி வரலையா?"

"வந்துச்சு. வரிசையில குடத்த வச்சேன். எனக்கு முன்னால நின்னவ தன் குடத்தத் தூக்கிட்டுப் பின்னால போயிட்டா. அவளுக்கு முன்னால நின்னவளும் போயிட்டா. கடைசியில நாந்தான் முதல் ஆளு. ஒருத்தியும் எம் மூஞ்சியப் பாக்கல. எல்லாரும் முந்தானைய இழுத்துக் கண்ண மூடிக்கிட்டு நிக்காளுக."

"முதல் ஆளா நின்னுட்டுப் பிடிக்காம வந்துட்டயா?"

அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சில கேள்விகளை நான் புரூப் பார்க்காமலே விட்டுவிடுகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஏஜென்ட் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் செங்கல் கனத்தில் செல்போன். அப்போதெல்லாம் செல்போன் வைத்திருப்பவர் பேசும்போது நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்வார். கூடத் தெருவும் வந்திருந்தது. எல்லோரும் செடிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அவர் மட்டும் பக்கவாட்டில் நின்று ஓரக்கண்ணால் அளந்தார்.

"அண்ணாச்சி, படிச்சவுக நீங்க. உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல."

"சொல்லுங்க."

"வேன்ல பாதி ஆளு இல்ல. போர்மேன் என்னையத் திட்டுதாரு. வடக்க இருந்து ஆர்டர் குடுத்தவன் போன் மேல போன் போடுதான். லோடு நிக்கி. இந்தச் செடிய எடுத்துருங்க."

"பக்கத்து வீட்டம்மாவுக்கு முன்னாடியே பின் சீட்டுல இருக்கிற அம்மாவுக்குத்தான வந்துச்சு? அவுக வீடு வேற தெருவுல்லா?"

"வேன் தெனம் இந்த வழியாத்தான போவுது. சன்னல்ல உக்காந்து பாத்திருப்பாக."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவன் என்று சொல்லிவிட்டார் அல்லவா. கிருமி என்றால் என்ன, கையிலிருந்து கண்ணுக்கு எப்படிப் போகிறது, பார்வையால் ஏன் போகாது என்று நின்றபடியே ஒரு பிரசங்கம் செய்தேன். உவமைகளெல்லாம் நன்றாக வந்தன. கடைசியில், "வேன்ல பின்னால ஒரு துண்டு தொங்குதே, அத எத்தன பேரு மூஞ்சியில தொடைக்காக? மொதல்ல அத எடுங்க" என்று முடித்தேன்.

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஏஜென்ட் முகத்தில் கோபம் வந்திருந்தால் சமாளித்திருப்பேன். வருத்தம் வந்தது.

"அந்தத் துண்டு நான் வாங்கிப் போட்டது அண்ணாச்சி" என்றார். "எந்த ஏஜென்ட் போட்டிருக்கான், கேட்டுப் பாருங்க. எல்லாரும் என் கூடப்பொறந்தவுக மாதிரின்னு நெனச்சுப் போட்டேன்."

யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அந்த இடத்தில் நான் தோற்றேன்.

போகும்போது அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னார். கண்ணு சரியாகிவிட்டாலும், இந்தச் செடி இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுப் பக்கத்திலிருந்து ஆள் ஏற்றினால் மற்றவர்கள் வேனில் ஏற மாட்டேன் என்கிறார்கள். அவர் என்ன செய்வார்? அடுத்த தெருவில் ஒரு பெண் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாளையிலிருந்து அவளை உட்கார வைத்துப் பார்க்கப் போகிறார். நிரந்தரமா இல்லையா என்பது செடியைப் பொறுத்தது.

இரண்டு நாள் நான் அசையவில்லை. அதற்குக் கொள்கை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். சுவருக்கு மேலாக இல்லை, வாசல் வழியாக. கண் ஏறக்குறையத் தெளிந்திருந்தது. ஆனாலும் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றாள்.

"அண்ணாச்சி, அத எடுத்துருங்க."

"உனக்குத் தெரியாதாம்மா? துண்டால வந்ததுதான? அந்தத் துண்டப் பத்திச் சொன்னதே நீதான."

"தெரியும். வேன்ல இருக்கற அம்புட்டுப் பேருக்கும் தெரியும்."

"பெறகு?"

"துண்டுன்னு சொன்னா ஏஜென்ட்டச் சொன்ன மாதிரி. ஏஜென்ட்டச் சொல்லிட்டு எந்த வேன்ல போயி ஏற? உங்க செடியச் சொன்னா நீங்க என்ன செஞ்சிரப் போறீக? ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவீக."

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"இந்தா ஆரம்பிச்சுட்டாக" என்றாள் என் மனைவி.

மேலே கொடியை மட்டும் வெட்டிவிடுகிறேன், கிழங்கு மண்ணுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், எப்படியும் மார்கழியில் கொடி தானாகவே காய்ந்துவிடும் என்று பேரம் பேசிப் பார்த்தேன். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். ஏஜென்ட் கிழங்கைக் காட்டச் சொல்லியிருக்கிறாராம். வேனில் இருக்கிறவர்கள் பார்க்கும்படி, வேன் நிற்கிற நேரத்தில். நாளைக் காலைக்குள் நடக்காவிட்டால் அடுத்த தெருக்காரியையே நிரந்தரமாக்கிவிடுவாராம்.

"நான் கெஞ்ச மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். "வந்து சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்." அவள் திரும்பும்போது என் மனைவி, "மதினி, கொழம்பு இருக்கு, தரட்டா?" என்றாள். "வேண்டாம் மதினி" என்று போய்விட்டாள். அந்தச் சுவர் கட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கம் வேண்டாம் என்று ஒரு சொல் இருந்ததில்லை.

காலையில் ஹாரன் அடித்துக்கொண்டு வேன் வந்து நின்றது. ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம், முகம் ஒவ்வொன்றிலும் ஒரு முந்தானை. வேன் முழுக்கப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு நான் செடி பிடுங்குவதைப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள், நான் இலையை விடுவிக்கத் தாமதமாகும்போதெல்லாம் "ஏ, சீக்கிரம், நேரமாவுது" என்று சரியாகக் குரல் வந்தது.

அந்தக் கொடி ஒன்றைப் பிடித்தால் விடாது. ஒவ்வொரு இலை நுனியும் சுருண்டு முள்ளையும் சுவரையும் பிடித்திருந்தது. இழுத்தால் அறுகிறது, மரியாதையாக எடுக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சுருள் பிரித்தேன். கொல்லப்போகிறதை மரியாதையாகக் கொல்ல வேண்டும் என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொடி இந்தப் பக்கம் வந்து விழுந்தபோதுதான் பூக்களை முதல்முதலாகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சளாகத் திறக்கிற பூ, நாள் ஆக ஆகச் சிவந்துகொண்டே போய், உதிர்வதற்கு முன்னால் முழுச் சிவப்பாகும் போலிருக்கிறது. ஒரே கொடியில் எல்லா நிறமும் இருந்தது.

பிறகு மண்ணைத் தோண்டினேன். நான் நட்ட கிழங்கு சுருங்கிச் சக்கையாகியிருந்தது. அதன் பக்கத்தில் அதைவிடப் பெரிதாகப் புதுக் கிழங்கு ஒன்று இறங்கியிருந்தது. அடுத்த வருடத்துக்கு.

"அம்புட்டுத்தானா?" என்றார் ஏஜென்ட்.

"அம்புட்டுத்தான்."

அவரே ஒரு சிமென்ட் சாக்கைக் கொண்டுவந்திருந்தார். கொடி, பூ, கிழங்கு எல்லாவற்றையும் அதில் திணித்து, வாயைக் கட்டி, வேன் மேலே கேரியரில் போட்டார். போகிற வழியில் பாலத்தில் எறிந்துவிடுவாராம். பிறகு வேனுக்குள் தலையை விட்டு ஏதோ சொன்னார். அடுத்த தெருப் பெண் தூக்குச்சட்டியோடு இறங்கினாள். இருபது வயதுகூட இருக்காது. இரண்டு மூன்று நாள்தான் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பாள். இறங்கியவள் ஏஜென்ட்டைப் பார்க்கவில்லை, ஏறுகிறவளைப் பார்க்கவில்லை. மண்வெட்டியோடு நின்ற என்னைப் பார்த்தாள். ஒருத்திக்கு நல்லது செய்தோம் என்று ஒரு நிமிடம் சந்தோசப்படலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

பக்கத்து வீட்டுக்காரி ஏறி உட்கார்ந்தாள். வேன் கிளம்பவில்லை. ஏஜென்ட் என்னிடம் திரும்பி வந்தார். எனக்கு முகமெல்லாம் வேர்வை, கையெல்லாம் மண்.

"பெரிய மனசு அண்ணாச்சி உங்களுக்கு" என்றார். தெரு கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு, வேனின் பின்பக்கம் போய், தொங்கிக்கொண்டிருந்த துண்டை அவிழ்த்து, பாட்டில் தண்ணீரில் தானே நனைத்துப் பிழிந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் துண்டைப் பற்றி அதே இடத்தில் நின்று நான் பேசியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். வாங்காவிட்டால் சண்டை மறுபடி தொடங்கும். தொடங்கினால் அவள் இறங்க வேண்டியிருக்கும். இவ்வளவையும் நான் யோசித்தேன் என்று இப்போது சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மை என்னவென்றால், ஒரு மனுசர் இரண்டு கையால் நீட்டுகிறதை வாங்காமல் இருக்க எனக்குத் தெரியாது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வாங்கினேன். கையைத் துடைத்தேன். அவர் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தையும் துடைத்தேன்.

"குளுமையா இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

அந்த வாரமே ஒரு காலையில் எழுந்தபோது இமை ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துத் திறந்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

தெருவுக்குத் தெரிந்தால் என்ன சொல்லும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிடுங்கும்போது பூவைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாரே, அதான். அது போகட்டும், எனக்குப் பழக்கம்தான். ஏஜென்ட்டுக்குத் தெரிந்தால்தான் வினை. அவளுக்குப் பக்கத்து வீட்டில் இன்னும் கண்ணுவலி இருக்கிறது என்று அவளை மறுபடி இறக்கிவிடுவார். அடுத்த தெருப் பெண் எப்போது வேண்டுமானாலும் தூக்குச்சட்டியோடு கிளம்பத் தயாராக இருப்பாள், அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

என் மனைவி கல்லில் ஏறி விசயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் சுவர் மேல் ஒரு கை வந்து, பாதி மிச்சமிருந்த சொட்டு மருந்துக் குப்பியை வைத்துவிட்டு இறங்கியது. தலை வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, காலையில வேன் போற வரைக்கும் வெளிய தலைய நீட்டாதீக. ஒரு வாரம்தான்."

"அந்தத் துண்டு இன்னும் தொங்குதாம்மா?"

"இல்லண்ணாச்சி. புதுசு வாங்கிப் போட்டுட்டாரு."

எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. கடைசியில் பேச்சு எடுபட்டிருக்கிறது.

"பழையதுல உங்க கை மண்ணு ஒட்டிருச்சுன்னாரு" என்றது குரல். "எல்லாரும் மூஞ்சி தொடைக்கிற துண்டுல, அப்பிடின்னு."

"நீ தொடைக்கிறியா?"

"தொடைக்கிற மாதிரி காட்டுவேன். இல்லாட்டா இவளுக்கு என்ன திமிருன்னு கேக்க மாட்டாகளா? சரி, அடுப்புல வேல கெடக்கு."

அவ்வளவுதான். நன்றி என்றோ, செடி போச்சே என்றோ ஒரு சொல் இல்லை. என் மனைவியிடமும் முன்பு மாதிரி பேச்சு இல்லை. குழம்பு கைமாறவில்லை. கேட்டு வாங்கியவளுக்கும் கொடுத்தவனுக்கும் நடுவில் சுவர் ஒரு சாண் உயர்ந்துவிட்டது. குழாயடியில் மட்டும் என் மனைவியின் குடத்துக்குப் பக்கத்தில் மற்றக் குடங்கள் பழையபடி வந்து நின்றன.

அச்சாபீஸுக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லியனுப்பினேன். கண்ணுவலி என்று சொன்னால் அங்கேயும் செடியைப் பற்றிப் பேசுவார்கள்.

மறுநாள் காலையில் ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்டதும், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று என் மனைவி என்னைக் குளியலறைக்குள் தள்ளித் தாழ் போட்டாள். வேன் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம், செருப்புச் சத்தம், ஏறுகிற சத்தம். பிறகு ஏஜென்ட் குரல் எங்கள் வாசலுக்கே வந்தது.

"என்ன மதினி, அண்ணாச்சியக் காணும்?"

"ஊருக்குப் போயிருக்காக."

"எந்த ஊருக்கு? சீசன்ல லீவு குடுத்துட்டாகளா?"

"காரியாபட்டிக்கு. எங்க அய்யாவுக்கு மேலுக்குச் சொகமில்ல."

"அடடா. எப்ப வருவாக?"

"ஒரு வாரம் ஆகும்" என்றாள் என் மனைவி. என்னோடு குடித்தனம் நடத்திய இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வேன் கிளம்பியது.

அந்த வாரம் முழுக்க நான் தினமும் காலையில் காரியாபட்டிக்குப் போனேன். ஒரு வாளி, ஒரு கப், சோப்புப் பெட்டி, ஒரு சொட்டு மருந்துக் குப்பி. வேன் போன பிறகு மாமனாருக்குக் குணமாகிவிடும், தாழ் திறப்பார்கள்.